ஆர்ம்பார்: ஆளுக்கு ஆள் என்ன மாறுகிறது

பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் மவுண்டிலிருந்து (எதிராளியின் மேல் உட்கார்ந்த நிலை) ஆர்ம்பார் (முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கும் பூட்டு) எடுத்து, உலுக்காமல் நிதானமாக முடிக்க ஒருவழியாக வந்துவிட்டது. என் எடை 70 கிலோ. நேற்று 95 கிலோ பார்ட்னரும் பதறாமல் டேப் அடித்தார், அதாவது கையால் தட்டி விட்டுக்கொடுத்தார். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

"மெதுவா பண்ணு" என்று எல்லா கோச்சும் சொல்வார்கள். பிடி தளர்ந்திருந்தால் யாருக்கும் அது முடியாது. கை நழுவிவிடுமோ என்ற பயத்தில் வெடுக்கென்று இழுப்போம், முழங்கை போவது அந்த இழுப்பில்தான். அதனால் இடுப்பைத் தூக்குவதற்கு முன் என் கவனமெல்லாம் முழங்கால்கள் மேல். இரண்டும் அவருடைய மேற்கையை நெருக்க வேண்டும். என் இடுப்பு அவர் தோளோடு ஒட்டியிருக்க வேண்டும். அவர் மணிக்கட்டு என் மார்பில், கட்டைவிரல் கூரையைப் பார்த்தபடி. அங்கே ஒரு மூச்சு நிறுத்துகிறேன். கை அசையவில்லை என்றால் இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம்.

கனமான ஆள் எழுந்து என்னை ஸ்டேக் செய்து (என் கால்களைத் தலைப்பக்கம் மடக்கி அழுத்தி) என் கழுத்து மடங்க ஆரம்பித்தால், கையை விட்டுவிடுகிறேன். புதிதாக வந்தவருக்கு எப்போது டேப் அடிப்பது என்றே தெரியாது, கை நேரானதும் நானே நிறுத்துவேன். மூட்டு அதிகம் வளைகிறவர்கள்தான் சிக்கல். முழங்கை நேர்கோட்டைத் தாண்டி வளைந்த பிறகும் சும்மா கிடப்பார்கள். ரோலுக்கு (பயிற்சிச் சண்டைக்கு) முன்பே கேட்டுவைப்பது நல்லது. கை இரண்டும் மாட்டியிருந்தால் வாயால் சொன்னாலும் டேப்தான், காலால் தட்டினாலும் டேப்தான். இதையும் அப்போதே பேசிவிடலாம்.

ஜூடோவிலிருந்து வருபவர்களிடம் கனி பசாமி (பாய்ந்து இரு கால்களாலும் எதிராளியைக் கத்தரித்து வீழ்த்தும் வீச்சு) வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். 1980 அகில ஜப்பான் போட்டியில் ஜூடோ வீரர் யமஷிட்டாவின் கால் முறிந்தது அந்த வீச்சில்தான். பிறகு ஜூடோ போட்டிகளில் அதைத் தடை செய்தார்கள். முழு உடலும் காலின் மேல் விழும்போது டேப் அடிக்க நேரம் ஏது?

இன்னொரு விஷயம், கீ, அதாவது பயிற்சி உடை. சென்னை ஐப்பசி மழையில் கெட்டியான துணி காயவே காயாது. ஈரக் கீயோடு வந்தால் பயிற்சிப் பாயில் எல்லோருக்கும் படர்தாமரைதான். மெல்லிய துணியில் இரண்டாவது கீ வாங்கப் போகிறேன். வெந்நீரில் சுருங்கும், அதனால் ஒரு சைஸ் கூட.

கார்டிலிருந்து (கீழே படுத்து எதிராளியைக் கால்களுக்கு நடுவில் வைத்த நிலை) ஆர்ம்பார் இன்னும் சரியாக வரவில்லை, இடுப்பு வழுக்குகிறது. ஆனாலும் அடுத்த மாதம் நேரான ஆங்கிள் லாக்கைத் (கணுக்கால் பூட்டைத்) தொடங்கிவிடுவேன். குதிகாலைத் திருகும் ஹீல் ஹூக் இப்போதைக்கு வேண்டாம். அதில் வலி தெரிவதற்குள் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிடும். சர்வதேச ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் 2021இல் அதை அனுமதித்ததும், நோ-கீயில் (கீ இல்லாத போட்டியில்) பெரியவர்களின் பிரவுன், பிளாக் பெல்ட் பிரிவுகளுக்கு மட்டும்தான்.