பதிவை வாசிக்க உள்ளூரில் ஒருவர்

2021 மே 22 அன்று காங்கோ ஜனநாயகக் குடியரசின் கோமா நகரை நோக்கி நியிராகொங்கோ எரிமலையின் குழம்பு இறங்கியதில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு வெளிநாட்டு நிதி நின்றுபோனதால், அந்நகரின் எரிமலைக் கண்காணிப்பகத்தில் இணைய இணைப்புக்குக்கூடப் பணமில்லாமல், தொலைவிலுள்ள நிலையங்களின் நில அதிர்வுப் பதிவுகள் பல மாதங்கள் வந்து சேரவில்லை. வந்திருந்தால் முன்பே எச்சரித்திருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்; முன்னறிகுறிகள் மிகக் குறைவாகவே இருந்தன என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அறிகுறி அவ்வளவு மெல்லியது என்றால், அந்த மலையின் அன்றாட அதிர்வுகளை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய கண் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அந்தப் பழக்கம் எப்படி வருகிறது என்பதை என் மாணவப் பருவத்தில் கண்டிருக்கிறேன். தரையில் வைத்த இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து, வரிசையாகக் குத்திவைத்த ஜியோஃபோன்களில் (நில அதிர்வை உணரும் கருவிகளில்) அதிர்வு வந்து சேரும் நேரத்தைக் குறிப்பதுதான் எங்கள் முதல் களப்பயிற்சி. திரையில் கோடு முதலில் நடுங்கிய இடத்தை நான் குறித்தேன். ஆசிரியர் அருகிலிருந்த உயரமான புல்லைக் காட்டி, "அது காற்று, அலை இன்னும் வரவில்லை" என்றார். எந்தப் பாடநூலும் எனக்கு அதைக் காட்டியிருக்க முடியாது.

ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம், தென்னாப்பிரிக்காவின் புவி அறிவியல் மன்றம் ஆகியவை சேர்ந்து தொடங்கிய ஆஃப்ரிக்கா அரே திட்டத்தை நான் மதிப்பதற்கு இதுவே காரணம். பல நாடுகளில் நிலநடுக்க நிலையங்களை நிறுவியதோடு, ஆப்பிரிக்க மாணவர்களைக் களப்பள்ளிக்கு அழைத்து, ஈர்ப்பு, காந்தப்புலம், மின்தடை, அதிர்வலை ஆகியவற்றை அவர்கள் கையாலேயே அளக்கவும் வைத்தார்கள். அளவீட்டை ஆப்பிரிக்காவில் எடுத்து, ஆய்வேட்டை வேறு கண்டத்தில் எழுதிக்கொள்ளும் பழைய வழக்கத்துக்கு இதைவிட நேர்மையான மாற்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளூரிலேயே ஆய்வாளர்கள் இருப்பதன் பலனை, இத்திட்டத்துக்கு முன்பே வேரூன்றிய எத்தியோப்பியாவில் பார்க்கலாம். பல நாடுகள் சேர்ந்து பூமியை ஆராய்ந்த 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி, காந்த நடுக்கோட்டுக்கு (புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் கோட்டுக்கு) அருகே அமைந்திருப்பதைக் கருதி, அடிஸ் அபாபாவில் ஓர் ஆய்வகம் உருவானது. 2005 செப்டம்பரில் அஃபார் பகுதியில் சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்து, சில இடங்களில் 8 மீட்டர் வரை விலகியபோது, அடிஸ் அபாபா பல்கலைக்கழக அறிவியலாளர்களே களத்துக்குச் சென்று ஆராய்ந்தார்கள். உலகின் கவனம் பின்னால்தான் வந்தது.

எனவே நிதி தருவோரிடம் நான் கேட்பது மிகச் சாதாரணமான செலவுகளைத்தான்: பட்டம் பெற்றுத் திரும்புபவருக்கு நிரந்தரப் பணியிடம், சூரியத்தகடும் மின்கலமும் பழுதானால் மறுநாளே கிளம்பிப்போக ஒரு தொழில்நுட்பருக்குச் சம்பளம், அவர் செல்லும் வண்டிக்கு எரிபொருள், திட்டக்காலம் முடிந்த பிறகும் துண்டிக்கப்படாத இணைய இணைப்பு.