போனவர் திரும்பி வரலாமா?

ஆள் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமென்றால், கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் காலமான டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடப்போகும் ஆகஸ்ட் கடைசியில் நாலு கால்பந்து ரசிகர்களோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தால் போதும். மனிதவளப் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். விட்டுப்போன ஊழியரைத் திரும்ப எடுப்பது பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த மேசையில் கேட்டதுதான்.

புது ஆளைப் பற்றிய பேச்சு சீக்கிரம் ஓய்ந்துவிடும். யாராவது இரண்டு நிமிட வீடியோவைக் காட்டுவார், "நல்லாத்தான் ஆடுறான்" என்பதோடு விஷயம் முடியும். ஏற்கெனவே நம் ஜெர்சி போட்டு ஆடிவிட்டுப் போனவர் திரும்பி வரப்போகிறார் என்று வதந்தி கிளம்பினால் கதையே வேறு. சாப்பாடு ஆறிப்போகும். அவரைப் பற்றி ஒவ்வொருவரிடமும் ஒரு கருத்து இருக்கும், தீராத பழைய கணக்கு ஒன்றும் இருக்கும்.

எங்கள் மேசையில் ஆளுக்கொரு கிளப். கணக்குப் பிரிவுக்காரர் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர். சப்போர்ட் டீமில் இருக்கும் மேடம் செல்சி. டெஸ்டிங்கில் இருக்கும் பையன் ஜெர்மனியின் டோர்ட்மண்ட். அவன் படும் பாடு தனி. நான் அர்செனல். கேலி பேச விஷயம் தீர்ந்துபோனால் என் பக்கம் திரும்புவார்கள்.

2009-இல் விட்டுப்போன ரொனால்டோ 2021-இல் யுனைடெட்டுக்குத் திரும்பியது சரியா தவறா என்பதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். கணக்குக்காரரிடம் தயாராக ஒரு பதில் உண்டு: "அந்த சீசன்ல 24 கோல் சார். 36 வயசுக்கு மேல எவன் அடிப்பான்? ஆள் மேல என்ன தப்பு?" ஆள் மேல் தப்பில்லை என்பது உண்மைதான். அந்த 24-இல் பிரீமியர் லீக் கோல்கள் மட்டும் 18. டெஸ்டிங் பையன் ஒருநாள் அமைதியாகக் கேட்டான்: "அண்ணே, டீமா எத்தனை அடிச்சீங்க?" ரொனால்டோ வருவதற்கு முந்தைய சீசனில் யுனைடெட் லீக்கில் 73 கோல் அடித்து 74 புள்ளிகளோடு இரண்டாம் இடம். அவர் வந்த சீசனில் 57 கோல், 58 புள்ளி, ஆறாம் இடம். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. அவர் வேறு பத்தியைக் கூட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இந்தச் சரிவுக்கு ரொனால்டோ ஒருவரே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சீசனின் நடுவில் பயிற்சியாளர் மாறினார், தற்காப்பு ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஆனால் ரசிகர்கள் கேட்ட கேள்வி "அவர் இன்னும் கோல் அடிப்பாரா" என்பது. அதற்கு விடை ஆமாம் என்றே வந்தது. அவர் வந்து நின்றால் சுற்றியிருக்கும் பத்துப் பேர் எப்படி ஆடுவார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

7-ஆம் எண் ஜெர்சி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்த எண் யுனைடெட்டின் இன்னொரு முன்கள ஆட்டக்காரரான கவானியிடம் இருந்தது, அந்த சீசனுக்கு அவர் பெயரில் பதிவும் ஆகிவிட்டது. ரொனால்டோவுக்கு அது வேண்டும். அதே அணியில் டேனியல் ஜேம்ஸ் 21-ஆம் எண் போட்டு ஆடிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் இறுதியில் அவரை லீட்ஸுக்கு விற்றார்கள். லீக்கிடம் சிறப்பு அனுமதி வாங்கி கவானி 21-க்கு மாறினார், 7 ரொனால்டோவுக்குப் போனது. சட்டைக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. ஒருவர் திரும்பி வந்தால் இரண்டு பேர் நகர வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு படம் போட்டுக் காட்ட முடியாது.

எங்கள் அலுவலகத்தில் இந்த 7-ஆம் எண்ணுக்குச் சமமானது ஊழியர் எண். பழைய ஆள் திரும்பச் சேரும்போது சம்பளத்தை விட அதற்குத்தான் அதிகம் மல்லுக்கட்டுவார். சின்ன எண் என்றால் ஆரம்பத்திலிருந்தே இருந்தவர் என்று அர்த்தம். "என் பழைய நம்பரே கிடைக்குமா சார்?" என்று கேட்காதவர்களை நான் பார்த்ததில்லை. புது எண் போட்ட அட்டையைக் கையில் கொடுத்தால், வாங்கிப் பார்த்துவிட்டு ஒருமுறை திருப்பிப் பார்ப்பார்கள், பின்பக்கம் பழையது இருக்குமோ என்பது மாதிரி.

சர்வர் பிரிவிலிருந்து போன ஒருவர் திரும்ப வர விரும்பினார். பெரிய நிறுவனத்துக்குப் போயிருந்தவர், கெட்டிக்காரர். அவருடைய பழைய மேலாளரிடம் கேட்டேன். "அவர் கேக்கிற சம்பளம் நமக்கு ஒத்துவராது" என்று எழுதி அனுப்பினார். பார்த்தால் கேட்ட தொகை அந்தப் பதவிக்கான வரம்புக்குள் இருந்தது. அதைச் சொன்னதும் அடுத்த காரணம் வந்தது: அணிக்குப் பொருந்த மாட்டார். அந்த அணியில் பாதியைச் சேர்த்துவிட்டதே அவர்தான். கடைசியில் அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல சார். எல்லாருக்கும் தெரிஞ்சப்புறம் எனக்குத் தெரியுது."

எனக்கு உடனே டெஸ்டிங் பையனின் ஞாபகம் வந்தது. மரியோ கோட்சே டோர்ட்மண்டை விட்டு பயர்ன் மியூனிக்குக்குப் போகும் செய்தி 2013 ஏப்ரலில், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டைச் சந்திப்பதற்கு முந்தைய நாள் வெளியானது. ஒப்பந்தத்தில் இருந்த 3.7 கோடி யூரோ விடுவிப்புத் தொகையை பயர்ன் கட்டியது. விதிப்படி எல்லாமே சரி. அந்த வருடம் அதே சாம்பியன்ஸ் லீக்கின் வெம்ப்ளி இறுதிப்போட்டியில் டோர்ட்மண்ட் தோற்றதும் அதே பயர்னிடம்தான். மூன்று வருடம் கழித்து கோட்சே திரும்பி வந்தார். பையன் இன்றும் சொல்வான்: "அவர் ஆட்டத்தைப் பத்தி ஒண்ணுமில்ல சார். அன்னைக்கு மனசு வெறுத்துப்போச்சு." அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமே இல்லை.

ரசிகர்கள் வாய்விட்டுச் சொல்லும் இந்த மனத்தாங்கலை மேலாளர்கள் படிவத்துக்குள் ஒளித்து வைப்பார்கள். சம்பளம், பொருத்தம், பட்ஜெட் என்று ஏதாவது பெயர் வைத்துவிடுவார்கள். மனத்தாங்கலில் தப்பொன்றும் இல்லை. அது வெளியே வராதவரை, வேலையைப் பற்றிப் பேச முடியாது, அதுதான் சிக்கல். அந்த மேலாளர் சொல்லி முடித்த பிறகு பத்து நிமிடத்தில் காரியத்துக்கு வந்துவிட்டார். சர்வர்களையெல்லாம் புது இடத்துக்கு மாற்றும் வேலை தலைக்குமேல் இருந்தது, அது தெரிந்த ஆள் இவர்தான். ஆனால் அவர் விட்டுப்போன தலைமைப் பொறுப்பில் இப்போது ஒரு இளைஞர் நன்றாக ஊன்றியிருந்தார். ஆறு மாத ஒப்பந்தம், மாற்றும் வேலை மட்டும், தலைமை இளைஞரிடமே என்று முடிவு செய்தோம்.

இந்த யோசனை அர்செனல்காரனுக்குத்தான் முதலில் வரும். எங்கள் பழைய நட்சத்திரம் தியரி ஆன்ரி 2012 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து லோனில், அதாவது தற்காலிகமாக, வந்தார், 34 வயது. எஃப்.ஏ. கோப்பையில் லீட்ஸுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, அந்த ஒரே கோலை அடித்தார். பிறகு சண்டர்லாந்தில் கடைசி நேர வெற்றிக் கோல். கொஞ்ச வாரம் ஆடிவிட்டுக் கிளம்பிப்போனார். அவர் பழைய இடத்தைக் கேட்கவில்லை, அணியும் கொடுக்கவில்லை. செல்சி மேடமும் இதையே ட்ரோக்பாவை வைத்துச் சொல்வார். 2012-இல் மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் கடைசி பெனால்டியை அடித்துவிட்டுப் போனவர், 2014-இல் ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்து, பெரும்பாலும் பெஞ்சிலிருந்து இறங்கி நாலு லீக் கோல் அடித்து, லீக் பட்டத்தோடு போனார். அதே கிளப் 2021-இல் லுகாகுவை 9.75 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கி, நடு நாயகமாக நிறுத்தியது. அடுத்த கோடைக்குள் இன்டருக்கு லோனில் அனுப்பிவிட்டார்கள். மேடத்திடம் இதைப் பேசினால் முகம் மாறிவிடும், அதனால் நீட்டிப் பேசுவதில்லை.

சரி, நம் சர்வர்காரர் கதைக்கு வருகிறேன். சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு தொல்லை தெரிந்தது, அவரால் வந்ததில்லை. ராத்திரி ஏதாவது பழுதானால் மற்ற பிரிவுக்காரர்கள் பழக்கதோஷத்தில் இவருக்கே போன் செய்தார்கள். அவரும் எடுத்துச் சரிசெய்துவிடுவார். இளைஞர் காலையில் வந்து பார்த்தால் ராத்திரி நடந்தது எதுவும் தெரியாது. என்னிடம் வந்து சொன்னார்: "நல்ல மனுஷன்தான் சார். ஆனா எல்லாரும் அவரையே கூப்பிடுறாங்க." மைதானத்திலும் இதைப் பார்க்கலாம். பெரிய பெயர் திரும்பி வந்துவிட்டால், பந்து கிடைத்தவன் முதலில் அவர் எங்கே நிற்கிறார் என்று தேடுவான். பக்கத்தில் ஆளில்லாமல் நிற்பவன் கண்ணில் படமாட்டான். நாங்கள் அழைப்புப் பட்டியலிலிருந்து அவருடைய எண்ணை எடுத்தோம். அதை அவர் கொஞ்சம் வருத்தத்தோடுதான் ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன். வேலையை முடித்துக்கொடுத்துவிட்டுப் போனார்.

இவ்வளவையும் வைத்து, பழைய ஆளை எடுக்கவே கூடாது என்று யாராவது சொன்னால் நான் யோஹன் கிரைஃபைக் கூப்பிடுவேன். 1981-இல் தன் பழைய கிளப்பான அயாக்ஸுக்குத் திரும்பி 1982, 1983 இரண்டு வருடமும் லீக் பட்டம் வாங்கிக்கொடுத்தார். வயதாகிவிட்டது என்று கிளப் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அவர் நேராகப் பரம எதிரியான ஃபெயனூர்டில் சேர்ந்து, 1984-இல் அவர்களுக்கு லீக், கோப்பை இரண்டையும் ஜெயித்துக் கொடுத்தார். எங்கள் கிளப்பிலும் ஒன்று நடந்தது. எங்களிடமிருந்து போன ஃபாப்ரிகாஸ் 2014-இல் பார்சலோனாவை விட்டுக் கிளம்பியபோது முதலில் வாங்கும் உரிமை அர்செனலிடம் இருந்தது. அந்த இடத்தில் ஓசில் இருக்கிறார் என்று வேண்டாம் என்றார்கள். அவர் செல்சிக்குப் போய் அடுத்த மே மாதம் பட்டத்தைத் தூக்கினார். வேண்டாம் என்ற முடிவில் நியாயம் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். வயிற்றெரிச்சலும் குறையவில்லை.

எங்கள் வெளியேறும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: 'மறுபடி சேர்க்கத் தகுதியானவரா?' மேலாளர்கள் கேக் வெட்டும் அவசரத்தில் 'ஆம்' என்று டிக் போட்டுவிடுவார்கள். இப்போதெல்லாம் நான் அதோடு விடுவதில்லை. திரும்ப வந்தால் எந்த வேலைக்கு, யாருடைய இடத்துக்கு என்று கேட்டு அன்றைக்கே ஒரு வரி எழுதி வாங்கிவிடுகிறேன். இரண்டு வருடம் போனால் பிடித்தவர் கடவுளாகிவிடுவார், பிடிக்காதவர் துரோகியாகிவிடுவார், ஆள் அதேதான்.

போன வாரம் இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். கணக்குக்காரருக்கு உற்சாகமாகிவிட்டது, போக்பாவுக்கு அந்தக் கட்டத்தை நிரப்பலாம் என்றார். 2012-இல் ஒப்பந்தம் முடிந்து யுவென்டஸுக்குப் போனவரை 2016-இல் 8.9 கோடி பவுண்டுக்கு வாங்கி, 2022-இல் மறுபடி சும்மா விட்ட கிளப் அவருடையது. "யுவென்டஸும்தானே திரும்ப எடுத்தாங்க?" என்று மேடம் ஆரம்பித்தார். அங்கேயும் காயம், அப்புறம் ஊக்கமருந்துத் தடை, கடைசியில் ஒப்பந்தமே ரத்து. ஆக அவருக்கு மட்டும் இரண்டு படிவம் வேண்டும் என்று பையன் சொன்னான். ரொனால்டோவுக்கு 2009-இல் என்ன போட்டிருப்பீர்கள் என்று கணக்குக்காரரைக் கேட்டேன். யோசிக்காமல் 'ஆம்' என்றார். 2022-இல் தொலைக்காட்சிப் பேட்டி கொடுத்துவிட்டுப் போனாரே, அதற்கு என்றேன். மாதக் கடைசி, வேலை கிடக்கிறது என்று எழுந்துவிட்டார்.