திருவாரூர்ல கேட்ட கேள்வி

திருவாரூர் போகணும்னு ப்ளான் எதுவும் இல்ல. தஞ்சாவூர்ல சொந்தத்துல ஒரு வளைகாப்பு, அங்க என்னை பாத்ததும் ஒவ்வொருத்தரா குரலை இறக்கிகிட்டு "இப்ப பரவாயில்லையாம்மா, அம்மா தேறிட்டாளா"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. தம்பி போய் வருஷக்கணக்காச்சு, இன்னுமா தேறலங்கிற மாதிரியே இருந்துச்சு அந்த கேள்வி. பெரியம்மா சாப்பிட்ட கையோட என்னை தள்ளிகிட்டு வந்து "பஸ் ஏறு, திருவாரூர் கோயில்ல சாயங்கால பூஜை, சாயரட்சைக்கு போயிடலாம்"னுட்டாங்க.

அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரின்னு ஊர் ஊரா நின்னு போச்சு பஸ். 60 கிலோமீட்டர் கூட இருக்காது, ஆனா இறங்கும்போது இடுப்பு கழண்டுடுச்சு.

கோயில் குளம் கமலாலயத்தை முதல் தடவை பாக்கறவங்க கொஞ்சம் அசந்துதான் போவாங்க. கோயில் அஞ்சு வேலி, குளம் அஞ்சு வேலின்னு ஊர்ல சொல்லுவாங்க, ஒரு வேலி ஆறரை ஏக்கர் சொச்சம், அப்ப கணக்கு போட்டு பாத்துக்கோங்க. குளத்து நடுவுல நாகநாதர் கோயில். படில கால் நனைச்சுட்டு உள்ள போனோம்.

அர்ச்சனை சீட்டோட மூலவர் புற்றிடங்கொண்டார் சந்நிதில நின்னா குருக்கள் "பேரு நட்சத்திரம் சொல்லுங்கோ"ன்னார். எங்க வீட்ல அதுக்கு சின்ன வயசுலேர்ந்து ஒரு வரிசை உண்டு, மூச்சு விடாம சொல்லுவேன், அப்பா மகம், அம்மா ரோகிணி, நான் அஸ்தம், அவன் சதயம். அஸ்தம் வரைக்கும் வந்துட்டு வாய் அப்படியே நின்னுடுச்சு. குருக்கள் தட்டை புடிச்சுகிட்டு பாக்கறார், பின்னாடி வரிசை நிக்குது, பெரியம்மாதான் "சாமி பேருக்கே பண்ணிடுங்க"ன்னு முடிச்சு வச்சாங்க. போனவங்க பேருக்கு அர்ச்சனை கிடையாது, தெரியும், ஆனா அந்த சதயத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு யாரும் சொல்லித்தரல.

வெளில பிராகாரத்துல உக்காந்து அழுதேன். அழுகைன்னா அழுகை இல்ல, கோவம். எந்த கோயிலுக்கு போனாலும் இப்படித்தான் ஆகுது, கையை கூப்பினா வேண்டுதல் வரல, சண்டைதான் வருது, இதுக்கு எதுக்கு வரணும்னு பெரியம்மாகிட்ட கத்திட்டேன்.

பெரியம்மா சின்ன வயசுல ஓதுவார்கிட்ட தேவாரம் கத்துகிட்டவங்க. கோவப்படல. "இந்த ஊர்ல வந்து இதை கேக்கறியேடி, சுந்தரர் என்ன பண்ணார் தெரியுமா"ன்னு ஆரம்பிச்சாங்க. கதை பாதி எனக்கும் தெரியும். திருவொற்றியூர்ல சங்கிலியாரை கட்டிகிட்டு, உன்னை விட்டு போகமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, திருவாரூர் ஞாபகம் தாங்காம ஊர் எல்லையை தாண்டினார், ரெண்டு கண்ணும் போச்சு. திருவெண்பாக்கத்துல கெஞ்சினதுக்கு ஒரு ஊன்றுகோல் கிடைச்சுது, கண் இல்ல, கோல்! காஞ்சிபுரத்துல இடது கண் வந்துச்சு. ஒத்தைக் கண்ணோட இங்க வந்து நின்னுதான் "மீளா அடிமை" பதிகம் பாடினார்.

அதுல ஸ்தோத்திரத்தை விட சண்டைதான் ஜாஸ்தி. உமக்கே ஆளா இருக்கோம், வேற யார்கிட்டயும் போகல, "மூளாத் தீப்போல் உள்ளே கனன்று" முகம் வாடிப்போய் எங்க கஷ்டத்தை சொன்னா நீர் சும்மா உக்காந்திருக்கீர், நல்லா வாழ்ந்துட்டு போங்கய்யான்னு பாட்டுக்கு பாட்டு வாழ்ந்து போதீரே, வாழ்ந்து போதீரேன்னு முடிக்கிறார். பெரியம்மா மெதுவா பாடினாங்க, குரல் உடைஞ்சுதான் வந்துச்சு, எனக்கு அந்த மூளாத் தீ கிட்ட வந்ததும் உடம்பு சிலிர்த்துடுச்சு. எரிஞ்சும் முடியல, அணையவும் இல்ல, இத்தனை வருஷமா எனக்குள்ள இருக்கறதை அந்த மனுஷன் அன்னிக்கே சொல்லி வச்சிருக்கார். இவ்ளோ திட்டியும் அந்த வலது கண் இங்கதான் கிடைச்சுது, திட்டினதுக்காக அவரை யாரும் நாயன்மார் லிஸ்ட்லேர்ந்து எடுக்கவும் இல்ல.

எனக்கு கண் மாதிரி எதுவும் திரும்ப வரப்போறதில்ல, அது வேற விஷயம்.

ஆறு மணிக்கு சாயரட்சை. தேவர்கள் எல்லாரும் அந்த நேரத்துக்கு இங்க வந்துடுவாங்கன்னு நம்பிக்கை, அதனால கூட்டம். இந்த கோயில்ல தனி சந்நிதில இருக்கற தியாகராஜருக்கு முகம் மட்டும்தான் தெரியும், மத்ததெல்லாம் பூவும் துணியும் மறைச்சிருக்கும், பாதம் பாக்கணும்னா திருவாதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும்தான் வரணும். திரை விலகி தீபாராதனை காட்டினப்ப என் முன்னாடி ஒரு உயரமான ஆள், அவர் தோளுக்கும் தூணுக்கும் நடுவுல கிடைச்ச இடத்துல பாத்தேன். வேண்டிக்கல. "ஏன்யா"ன்னு மட்டும் கேட்டேன், கொஞ்சம் சத்தமாவே, அந்த முழவு சத்தத்துல யாருக்கும் கேட்டிருக்காது. சதயம், சதயம்னு ரெண்டு தடவை சொன்னேன். மனசு லேசாச்சுன்னெல்லாம் சொல்லமாட்டேன், ஆனா கை கூப்பினபடியே இருந்துச்சு, ரொம்ப நாளைக்கு அப்புறம்.

போறவங்க நவக்கிரகம் இங்க ஒரே நேர் வரிசைல நிக்கறதை பாக்காம வராதீங்க, கமலாம்பாள் சந்நிதிக்கும் தனியா நேரம் வச்சுக்கோங்க, நாங்க அவசரத்துல சரியா பாக்கல.

பஸ் ஸ்டாண்ட்ல டீ குடிச்சுகிட்டே அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா வீட்ல விளக்கு ஏத்தறதையே விட்டவங்க, கோயில்னு எடுத்தாலே வேற பேச்சுக்கு தாவிடுவாங்க. திருவாரூர் வந்தோம்னதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "அவன்கிட்ட கேட்டியா?"ன்னாங்க.

"கேட்டேம்மா."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லமாட்டான், கல்லுளிமங்கன்"னு ஒரு திட்டு விட்டாங்க. சாமியை பத்தி அம்மா வாயைத் தொறந்தே எத்தனையோ வருஷம் ஆச்சு.