மாறியது வாழ்க்கையா, கேள்வியா?

ஒரே குடும்பங்களை ஆண்டுதோறும் தேடிப்போய்ப் பெரும்பாலும் அதே கேள்விகளைக் கேட்பது பேனல் சர்வே. அமெரிக்காவில் 1968-லும் ஜெர்மனியில் 1984-லும் பிரிட்டனில் 1991-லும் தொடங்கியவை இந்த வகையில் பெயர்பெற்றவை. வேலை போனதால் ஒருவர் சோர்ந்தாரா, சோர்ந்திருந்ததால் வேலை போனதா? ஒரு தடவை மட்டும் எடுக்கும் சர்வேயில் இதற்கு விடை கிடைக்காது. பேனலில் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் அதில் தெரியும் மாற்றங்களில் பல, யாருடைய வாழ்விலும் நடக்காதவை. இந்தத் தரவை ஆராய்பவரின் வேலையில் பெரும்பகுதி அவற்றைக் களைவதுதான்.

மிக எளிய பிழை விடுபட்ட பதில்களில் வரும். பதில் மறுத்தவருக்கு -2, தெரியாது என்றவருக்கு -1, கேள்வி பொருந்தாதவருக்கு -8 என்று குறியீடு இட்டிருப்பார்கள். வாழ்க்கைத் திருப்தியை 1 முதல் 7 வரை அளக்கும் கேள்விக்குப் போன ஆண்டு 6 சொன்னவர் இந்த ஆண்டு பதில் மறுத்தால், குறியீட்டை நீக்காத கணக்கில் அவர் 8 புள்ளி சரிந்துவிடுவார். சராசரியில் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். குறைந்தபட்ச மதிப்பைப் பார்த்தால் உடனே அகப்படும்.

மனநலத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஜி.ஹெச்.க்யூ-12 என்ற கேள்வித்தாள் இன்னும் நுட்பமாக ஏமாற்றும். 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 4 பதில்கள். 0-1-2-3 என்று மதிப்பிட்டால் உச்சம் 36. 0-0-1-1 என்றால் 12. இரண்டிலும் எண் கூடினால் மனநலம் குறைகிறது என்று பொருள். இதைத் தலைகீழாகப் படித்து எழுதிய வரைவுகள் அபூர்வமல்ல. சிக்கல் அதன் மொழியில் இருக்கிறது. 'சமீபத்தில் கவலையால் தூக்கம் கெட்டதா?' என்ற கேள்விக்கு 'வழக்கத்தைவிட அதிகமில்லை' என்பதும் ஒரு பதில். பத்தாண்டாகத் தூங்காதவரும் உண்மையாகவே அதைத்தான் சொல்வார். 0-0-1-1 முறையில் அவருக்குப் பூஜ்யம். புதிதாக வந்த துன்பத்தைப் பிடிக்கும் இந்தக் கருவி, பழகிப்போன துன்பத்தைத் தவறவிடும். நாள்பட்ட நோயாளிகள் 'மீண்டுவிட்டார்கள்' என்று காட்டும் வரைபடத்தைக் கண்டால் முதலில் இங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

யார் கேட்கிறார்கள் என்பதும் பதிலை மாற்றும். நேரில் உட்கார்ந்து கேட்கும் மனிதரிடம் 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்வது எளிது. திரையில் தனியாகப் பதில் குறிப்பவர் அவ்வளவு தயவு காட்டுவதில்லை. நேர்காணலிலிருந்து இணையத்துக்கு மாறிய சுற்றில் மகிழ்ச்சி குறைந்தால், நாடே வாடிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியை மட்டும் முதலில் இணையத்துக்கு மாற்றினால் முறையின் விளைவைத் தனியே அளக்கலாம். எல்லோரையும் ஒரே சுற்றில் மாற்றிவிட்டால் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

வேலை மாற்றத் தேதிகளில் வேறொரு விசித்திரம். ஒரு நேர்காணல் விசாரிக்கும் காலம் முடிந்து அடுத்ததன் காலம் தொடங்கும் மாதத்தில் மாற்றங்கள் வந்து குவியும். அந்த மாதத்தில் ஆட்குறைப்பு நடந்திருக்க வேண்டியதில்லை. இடைப்பட்ட காலம் முழுக்க இப்போதுள்ள நிலையிலேயே இருந்ததாக மக்கள் சொல்லிவிடுவதுதான் காரணம். 'போன முறை இந்த வேலை என்றீர்கள், இன்னும் அதுதானா?' என்று நினைவூட்டிக் கேட்டால் குவியல் குறையும். ஆனால் அலுத்துப்போனவர் 'ஆமாம்' என்று தலையாட்டினால் நிஜ மாற்றம் மறைந்துவிடும். திருப்திக் கேள்விகளுக்கு நினைவூட்டல் கூடவே கூடாது.

எனக்குப் பிடித்த போலி மாற்றம் வருமானத்தில் உண்டு. குடும்ப அளவுக்கேற்ப வருமானத்தைச் சமன்செய்ய, முதல் பெரியவருக்கு 1, 14 வயது நிறைந்த மற்ற ஒவ்வொருவருக்கும் 0.5, அதற்குக் கீழுள்ளவருக்கு 0.3 என்று கூட்டி அதனால் வகுப்பது வழக்கம். இரு பெற்றோர், இரு சிறு பிள்ளைகள் என்றால் 2.1. மூத்த பிள்ளைக்கு 14 வயது நிறைந்தால் 2.3. சம்பளம் அப்படியே இருக்க, அந்தக் குடும்பம் ஒரு பிறந்தநாளில் சுமார் 9 சதவீதம் ஏழையாகிறது!

ஆட்கள் கைநழுவுவது தனிக் கதை. ஒவ்வொரு சுற்றிலும் 90 சதவீதம் பேர் தங்கினாலும் பத்தாவது சுற்றில் மிஞ்சுவது 39 சதவீதம். வீடு மாறுபவர்களும் இளைஞர்களும் நோயாளிகளும் அதிகம் விலகுவதால், மிஞ்சியவர்களின் நலம் மேம்பட்டதுபோலத் தோன்றும். விலகியவர்களைப் போன்றவர்களின் பதிலுக்குக் கணக்கில் கூடுதல் மதிப்புத் தரும் எடைகள் இதை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் பல சுற்றுகளைச் சேர்த்துப் பார்க்க உதவும் தொடர் எடை, எல்லாச் சுற்றிலும் பதிலளித்தவர்களுக்கே பெரும்பாலும் தரப்படுவதால் கணக்கில் வரும் ஆட்களின் எண்ணிக்கை சட்டென்று சுருங்கும். வேறு வீட்டில் வாழும் இரு உறவினரின் தொடர்பு விவரத்தை முதல் சுற்றிலேயே வாங்கிவைப்பது எந்தச் சூத்திரத்தைவிடவும் பலன் தரும்.

ஒவ்வொருவரிடமும் காலப்போக்கில் வரும் மாற்றத்தை மட்டும் பயன்படுத்தும் ஃபிக்ஸட் எஃபெக்ட்ஸ் என்ற புள்ளியியல் கணக்குகளில் இந்தப் போலிகள் இன்னும் பெரிதாகும். ஆளுக்கு ஆள் உள்ள நிலையான வேறுபாடுகளை அவை கழித்துவிட, அளவீட்டுப் பிழைகளின் சத்தம் மிஞ்சுகிறது. ஆகவே அந்தக் கணக்கை ஓட்டுவதற்கு முன் தற்செயலாக 20 பேரை எடுத்து, அவர்களுடைய வரிசைகளைச் சுற்றுவாரியாகக் கண்ணால் படிப்பது நல்லது. 34 வயதுக்காரர் மறுசுற்றில் 31 ஆகியிருந்தால், பெரும்பாலும் அங்கே அண்ணனுக்குப் பதில் தம்பி பேசியிருப்பார்.