சாம்பல் வாளியும் மேற்குக் காற்றும்

மார்ச் 30

வடக்குச் சரிவில் முழங்கால் அளவு பனி அப்படியே கிடக்கிறது. எதிரே தெற்கு பார்த்த சரிவில் ஒரு பொட்டுப் பனி இல்லை. போன வருடத்துப் புல் வெளுத்துப்போய், பனி அமுக்கிய வாக்கிலேயே படுத்திருக்கிறது. கால் வைத்தால் சரசரவென்று நொறுங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ஓடை. "பனியே இன்னும் போகவில்லை, அதற்குள் காட்டுத்தீயா?" என்று கேட்பவர்கள் வடக்குச் சரிவை மட்டும் பார்க்கிறார்கள். முதல் வருடம் நானும் அப்படித்தான் கேட்டேன்.

விறகு அடுப்பைச் சுத்தம் செய்தேன். சாம்பலைத் தகர வாளியில் வழித்து, மூடி போட்டு, கொட்டகைக்குப் பின்னால் வைத்தாயிற்று.

ஏப்ரல் 1

அடுத்த சில நாட்களுக்கான முன்னறிவிப்பு வந்திருக்கிறது. நான்காம் தேதி வரை அமைதி. ஐந்தாம் தேதி மேற்கிலிருந்து வறண்ட காற்று, மணிக்கு 50 கிலோமீட்டர், முகடுகளில் அவ்வப்போது 90 வரை எகிறும். பிற்பகல் ஈரப்பதம் 12 சதவீதம். வெப்பம் 14 டிகிரிதான். ஸ்வெட்டர் போட வேண்டிய குளிரில் தீ அபாய எச்சரிக்கை என்றால் பலருக்குச் சிரிப்பு வரும். நான் வெப்பத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஈரப்பதம் எவ்வளவு இறங்குகிறது, இரவில் அது திரும்ப ஏறுகிறதா, காற்று எப்போது திசை மாறுகிறது, இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

தீயணைப்புக்காரர்கள் எரிபொருளை மணிக்கணக்கில் பிரிப்பார்கள். புல், சருகு, 6 மில்லிமீட்டருக்கு மெல்லிய குச்சி எல்லாம் 'ஒரு மணி நேர' வகை. சுற்றியிருக்கும் காற்று எப்படியோ, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அவையும் அப்படி ஆகிவிடும். விரல் பருமன் சுள்ளிக்கு 10 மணி நேரம், பெரிய கட்டைகளுக்கு 1000 மணி நேரம். காட்டில் விழுந்து கிடக்கும் மரங்கள் இப்போது சொதசொதவென்று ஊறியிருக்கின்றன, சரி. புல்லுக்கு அதனால் என்ன?

ஏப்ரல் 2

கூரை வாய்க்காலில் அடைந்திருந்த பைன் ஊசிகளை வாரினேன். இரண்டு சாக்கு. ஏணி ஆடியது. வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 3

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2022-இல் எரிந்த காட்டுத்தீயைப் பற்றி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஜனவரியில் காட்டைச் சுத்தம் செய்து குவித்த கட்டைகளைக் கொளுத்தினார்கள். அதன் மேல் பனி பெய்தது. அணைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடியில் கங்கு மூன்று மாதம் உயிரோடு இருந்து, ஏப்ரல் காற்றில் எழுந்தது. திட்டமிட்டுக் கொளுத்திக் கை மீறிப்போன இன்னொரு தீயோடு சேர்ந்துகொண்டது. மொத்தம் 3,41,000 ஏக்கருக்கு மேல். அந்த மாநிலம் கண்டதிலேயே பெரிய தீ.

பாதியில் எழுந்து கொட்டகைக்குப் போனேன். வாளியின் வெளிப்புறம் சில்லென்றிருந்தது. சாம்பலின் மேலும் சூடு இல்லை. குச்சியால் நடுவில் கிளறினேன். கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கரித்துண்டு, ஒரு ஓரம் மட்டும் சிவந்து. நான்கு நாள் கழித்து! ஊதிப் பார்த்தேன் (ஏன் ஊதினேன் என்று கேட்காதீர்கள்), பளிச்சென்றது. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கூழாகக் குழைத்துவிட்டு, மூடிமேல் ஒரு கல்லையும் ஏற்றி வைத்தேன். நாளை மறுநாள் 90 கிலோமீட்டர் காற்று. அந்தத் தகர மூடி எந்த மூலைக்கு?

ஏப்ரல் 4

மாலையில் முகட்டுக்கு மேலே வில்லை போல வழுவழுப்பான மேகம், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று. கீழே ஓர் இலை அசையவில்லை. மேலே காற்று மலையைத் தாண்டி அலையலையாகப் போகிறது என்று அர்த்தம். அது இந்தப் பக்கம் இறங்கும்போது கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடேறும், சூடு ஏற ஏற உலர்ந்தும் போகும். இந்தக் காற்றுக்கு ஆல்ப்ஸில் ஃபோன் (Föhn), ராக்கி மலைகளில் சினூக் என்று பெயர். 1943 ஜனவரி 22 அன்று தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷில் இப்படிப்பட்ட காற்றால் இரண்டே நிமிடத்தில் மைனஸ் 20 டிகிரி, பிளஸ் 7 ஆனது.

இரவு 11 மணி. ஈரப்பதம் 24 சதவீதம், ஏறவே இல்லை. பள்ளத்தாக்கின் அடியில் பனித்துளி விழுந்திருக்கும். நடுச்சரிவில் இருக்கும் எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குளிர்ந்த காற்று கீழே வடிந்துவிட, இந்த உயரத்தில் இரவும் வெதுவெதுப்பாகவே கிடக்கிறது.

ஏப்ரல் 5

காலை எட்டுக்கு ஆரம்பித்தது. தொடர்ந்து வீசினால்கூடப் பழகிவிடும். இது மூச்சை இழுத்துப் பிடித்துவிட்டு அறைகிற காற்று. மின்சாரத்தை முன்னெச்சரிக்கையாக நிறுத்திவிட்டார்கள். கம்பி அறுந்து விழுந்தால் ஒரு பொறி போதும்.

இரண்டு முறை புகை என்று வெளியே ஓடினேன். இரண்டு முறையும் ஜூனிபர் மரங்கள் மகரந்தத்தை உதறிய மஞ்சள் தூசி.

மூன்று மணிக்குத் தென்மேற்குக் காற்று வடமேற்காகத் திரும்பியது. தீ இருந்திருந்தால் பயங்கரமான நேரம் அதுதான். அதுவரை நீண்ட பக்கவாட்டாக மெதுவாக எரிந்த ஓரம் முழுவதும் அப்போதே முன்னணியாகிவிடும். அதிலும் மேல்நோக்கிய சரிவு என்றால், 10 டிகிரி கூடினால் வேகம் இரட்டிப்பு என்பது பொதுக் கணக்கு. 2018 மார்ச் 11, குரங்கணி காட்டுத்தீ நினைவுக்கு வந்தது. அங்கும் காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, காற்று. மேல்நோக்கி ஓடி அதை முந்த முடியாது.

ஏப்ரல் 6

காற்று விட்டது. விடியற்காலையில் மூன்று சென்டிமீட்டர் பனி. பிளாஸ்டிக் நாற்காலி ஓடையில் கிடந்தது. வாளி வைத்த இடத்திலேயே, கல்லோடு.

தெற்குச் சரிவில் காய்ந்த புல்லை விலக்கிப் பார்த்தேன். அடியில் நக அளவு பச்சை. அது பழையதை மூடி நிற்க இன்னும் மூன்று நான்கு வாரமாவது ஆகும். ஒன்பதாம் தேதி மறுபடி காற்று என்கிறது முன்னறிவிப்பு. இந்தப் பனி அதற்குள் போய்விடும்.

குளிர் தாங்கவில்லை. அடுப்பை மறுபடி பற்றவைத்திருக்கிறேன்.