ஐரோப்பா கொடி இல்லாத ஒரு மாணவர் போராட்டம்

சோஷலிசம் முடிஞ்சுபோன நாடுகள்ல காலேஜ் பசங்க உலகமயமாக்கலைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு பேச்சு வந்தா நம்மாளுங்க ரெண்டு பதில்தான் வச்சிருக்காங்க, ஒண்ணு எல்லாரும் மேற்கு நாட்டுக்கு ஓடத் துடிக்கிறாங்க, இல்லன்னா பழைய காலம் திரும்ப வராதான்னு ஏங்குறாங்க. செர்பியாவைப் பார்த்தா ரெண்டுமே ஒட்டாது.

2024 நவம்பர் 1, செர்பியாவோட நோவி சாட் நகரத்து ரயில்வே ஸ்டேஷன் முகப்புல இருந்த கான்கிரீட் கூரை இடிஞ்சு விழுந்து மொத்தம் 16 பேர் செத்துப்போனாங்க. சில மாசம் முன்னாடிதான் புதுப்பிச்சுத் திறந்த ஸ்டேஷன் அது, பெல்கிரேடு - புடாபெஸ்ட் ரயில் பாதை வேலையோட சேர்ந்தது, கான்ட்ராக்ட் சீன கம்பெனிகளுக்கு. அந்தக் கூரையில கையே வைக்கலன்னு அதிகாரிங்க சொன்னாங்க. இதை எதிர்த்து யுனிவர்சிட்டிகளை முடக்கின பசங்க சீனாக்காரனை வெளிய அனுப்புன்னு கேக்கல, ஸ்டேஷன் வேலை சம்பந்தமான எல்லா பேப்பரையும் வெளியிடுன்னுதான் முதல் கோரிக்கை வச்சாங்க. எனக்கு அந்தக் கோரிக்கை மேல பெரிய மரியாதை இருக்கு. தலைவர்னு யாரும் இல்ல, ஒவ்வொரு காலேஜ்லயும் பிளெனம்னு கூட்டம் போட்டு கை தூக்கி ஓட்டு போட்டு முடிவு எடுத்தாங்க.

இவங்க தாத்தா பாட்டிக்கு வெளி உலகம் புதுசு இல்ல. செர்பியா அப்போ யூகோஸ்லாவியாங்கற சோஷலிச நாட்டுல ஒரு பகுதி, அதை ஆண்ட டிட்டோ காலத்துல யூகோஸ்லாவியாக்காரங்க ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் வந்தவங்க, 1961ல அணிசேரா நாடுகளோட முதல் மாநாடே பெல்கிரேடுலதான் நடந்துச்சு, நேரு போயிருந்தார். கதவு மூடினது அப்பா அம்மா காலத்துல, போர், பொருளாதாரத் தடை, 1999ல 78 நாள் நேட்டோ குண்டுவீச்சு, விசா இல்லாம ஐரோப்பாவுக்குள்ள போக 2009 டிசம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு. அப்புறம் வந்தது முதலீடு. செர்பியாவோட ஸ்மெடெரெவோ இரும்பாலையை 2003ல அமெரிக்காவோட யூஎஸ் ஸ்டீல் வாங்குச்சு, 2012ல 1 டாலருக்கு அரசாங்கத்துக்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு கெளம்பிடுச்சு, 2016ல சீனாவோட ஹெஸ்டீல் 4.6 கோடி யூரோவுக்கு எடுத்துக்குச்சு. இதைப் பார்த்து வளர்ந்த பசங்களுக்கு எந்த நாட்டு கம்பெனிங்கறது பெரிய விஷயமாவா இருக்கும்?

லித்தியம் கதை இன்னும் மோசம். லோஸ்னிட்சா பக்கம் யாதார் பள்ளத்தாக்குல ரியோ டின்டோங்கற வெளிநாட்டு சுரங்கக் கம்பெனி லித்தியம் சுரங்கம் தோண்டப் பாத்துச்சு, ஜனங்க ரோட்டை மறிச்சுப் போராடினதுல 2022 ஜனவரில அரசாங்கம் அனுமதியை ரத்து பண்ணுச்சு, 2024 ஜூலைல அரசியல் சாசன கோர்ட் அந்த ரத்து செல்லாதுன்னுடுச்சு, அடுத்த சில நாள்லயே அப்போதைய ஜெர்மன் அதிபர் ஷோல்ஸ் பெல்கிரேடுக்கு வந்து நிக்க ஐரோப்பிய யூனியனோட கனிம ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. எலக்ட்ரிக் காருக்கு லித்தியம் பேட்டரி வேணும், அதுக்கு இவங்க தண்ணியும் வயலும் போகணும். ஜனநாயகம் சட்டம்னு பேசற அதே யூனியன்.

அதனாலதான் அந்த மாணவர் போராட்டக் கூட்டங்கள்ல நீலத்துல மஞ்சள் நட்சத்திரம் போட்ட ஐரோப்பிய யூனியன் கொடியைப் பாத்ததே அரிது, செர்பியக் கொடிதான் எங்கயும். அதே சமயம் ஜார்ஜியாவுல, 2028 வரைக்கும் யூனியன்ல சேர்ற பேச்சே கிடையாதுன்னு பிரதமர் சொன்னதும் தலைநகர் திபிலிசியோட ருஸ்தவேலி அவென்யூல பசங்க அந்தக் கொடியைத்தான் தூக்கினாங்க, அங்க பக்கத்துல ரஷ்யா இருக்கு, பயம் வேற. ரெண்டையும் "பழைய சோஷலிச நாட்டு இளைஞர்கள்"னு ஒரே மூட்டையில கட்டறது தப்பு.

கொடி பிடிக்காத இதே செர்பியா பசங்கதான் 2025 ஏப்ரல்ல சுமார் 80 பேர் சைக்கிள் எடுத்துக்கிட்டு நோவி சாட்ல இருந்து ஸ்ட்ராஸ்பர்க் வரைக்கும் ஏறக்குறைய 1300 கிலோமீட்டர் மிதிச்சாங்க, அடுத்த மாசமே இன்னொரு கூட்டம் ஓட்டமாவே ஓடி பிரஸ்ஸல்ஸுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. ரெண்டும் ஐரோப்பிய யூனியன் அமைப்புகள் இருக்கற ஊரு, எங்க நாட்டுல என்ன நடக்குதுன்னு பாருங்கன்னு அவங்ககிட்ட கேக்கத்தான் போனாங்க. வெளிய படிக்கப் போறதும் வேலைக்குப் போறதும் இவங்களுக்கு சாதாரணம், அதுல யாருக்கும் சண்டை இல்ல.

பெல்கிரேடுல 1999 குண்டுவீச்சுல சிதைஞ்ச ராணுவத் தலைமையகக் கட்டடம் விஷயத்துலயும் இதே மாதிரி எதிர்ப்புதான். டிரம்ப்போட மருமகன் குஷ்னர் கம்பெனி அங்க ஹோட்டல் கட்டறதா திட்டம் இருந்துச்சு, அதுக்காக அரசாங்கம் அந்தக் கட்டடத்தோட பாரம்பரியச் சின்ன அந்தஸ்தை எடுத்துடுச்சு. குண்டுவீச்சு ஆரம்பிச்ச தேதியான மார்ச் 24 அன்னிக்கு 2025ல பசங்க அதுக்கு முன்னாடி கூடி எதிர்த்தாங்க. மே மாசம், அந்தஸ்தை எடுக்கறதுக்கு ஆதாரமா காட்டின நிபுணர் அறிக்கையே போலின்னு சொல்லி நினைவுச்சின்னப் பாதுகாப்பு நிறுவனத்தோட தலைவரை கைது பண்ணாங்க.