இர்வினா, பைர்னா, எவ்ராவா?

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் நால்வர் கூடினால், கிளப் வரலாற்றிலேயே மிகச் சிறந்த லெஃப்ட் பேக், அதாவது இடது பின்கள ஆட்டக்காரர், யார் என்ற கேள்வி எப்படியாவது எழுந்துவிடும். கோல்கீப்பரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஷ்மைக்கேலா, வான் டெர் சாரா என்று இரண்டு பெயருக்குள் சுருங்கிவிடுகிறது. லெஃப்ட் பேக் என்று வந்தால் 1950களிலிருந்து தலைமுறைக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஆயத்தமாக ஒரு புகழுரையும் இருக்கிறது. ரோஜர் பைர்ன் என்றால் 1958 மியூனிக் விமான விபத்தில் மறைந்த கேப்டன். டெனிஸ் இர்வின் என்றால் வாரம் தவறாமல் பத்துக்கு எட்டு மதிப்பெண் வாங்குபவர். பாட்ரிஸ் எவ்ரா என்றால் கிளப்பின் மீது உயிரையே வைத்தவர். டோனி டன் என்றால் வேகம். இந்தப் புகழுரைகளே விவாதத்தைக் கெடுக்கின்றன என்பது என் எண்ணம். அவற்றில் பொய் இல்லை. ஆனால் அவற்றைச் சொல்லி முடித்ததும், அந்த மனிதர் களத்தில் என்ன செய்தார் என்று பார்க்கும் வேலையை நாம் விட்டுவிடுகிறோம்.

யுனைடெட் விங்கர்களை நம்பித் தாக்கும் அணி. பெக், பெஸ்ட், ஆஸ்டன், கிக்ஸ், ரொனால்டோ என்று இடது ஓரத்தில் ஓடியவர்களின் வரிசை பெரியது. ஆகவே அங்கே பின்னால் நின்றவரை எடைபோட இரண்டு கேள்விகள் போதும் என்று கருதுகிறேன். அவர் இருந்ததால் முன்னால் நின்ற விங்கர் எவ்வளவு கவலையின்றி ஆட முடிந்தது? அந்த விங்கரின் ஆட்டம் எடுபடாத நாளில் இவர் தாமாக என்ன கொண்டுவந்தார்? கோப்பைகளை எண்ணித் தீர்ப்புச் சொல்வதென்றால் மேலாளர் ஃபெர்குசன் காலத்தில் ஆடக் கொடுத்துவைத்தவர்களே எப்போதும் வெல்வார்கள். அதற்கு விவாதமே தேவையில்லை.

சிலரை விரைவாகக் கடந்துவிடலாம். ஆர்தர் ஆல்பிஸ்டன் 485 ஆட்டங்கள் ஆடியவர். 1977, 1983, 1985 ஆகிய மூன்று எஃப்.ஏ. கோப்பை வெற்றிகளிலும் இருந்தவர். அவற்றுள் முதலாவதில், காயமடைந்த ஸ்டூவர்ட் ஹூஸ்டனின் இடத்தில் இறுதியாட்டத்தில் இறங்கி, வென்ற பதக்கத்தை அவரிடமே கொடுக்க முன்வந்தார். ஹூஸ்டன் வாங்க மறுத்துவிட்டார். நல்ல மனிதர், நம்பத்தக்க ஆட்டக்காரர், ஆனால் முதலிடத்துக்கான பேச்சில் அவர் பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. காப்ரியேல் ஹெய்ன்ஸே ஒரே பருவத்தில் ரசிகர்களின் மனத்தைப் பிடித்து, லிவர்பூலுக்குப் போக விரும்பியதன் மூலம் அதைவிட வேகமாக இழந்தவர். லூக் ஷாவுக்கு இயல்பான திறமை இந்த வரிசையில் எவருக்கும் குறைந்ததன்று. 2015 செப்டம்பரில் ஐந்தோவனில் கால் முறிந்ததும், அதன்பின் அடுத்தடுத்து வந்த காயங்களும் அவருடைய கணக்கைத் தொடர்ச்சியற்றதாக்கிவிட்டன.

டோனி டன்னைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அவருக்குக் கிடைக்கும் மறதி அநியாயமானது. டப்ளினின் ஷெல்போர்ன் கிளப்பிலிருந்து 1960இல் வந்து, 13 ஆண்டுகளில் 535 ஆட்டங்கள் ஆடினார். 1963 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் அவர் வலப்புறம் ஆடினார். இடப்புறத்தில் அணித்தலைவர் நோயல் கான்ட்வெல் இருந்தார். (கான்ட்வெல் அயர்லாந்துக்காகக் கிரிக்கெட்டும் ஆடியவர் என்பது இந்த விவாதத்துக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் சொல்லாமல் விட மனம் வராத செய்தி.) பிறகு இடப்புறம் டன்னுக்கே உரியதாயிற்று. 1968 மே 29 அன்று வெம்ப்லியில் பென்ஃபிகாவை 4-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையை எடுத்த இரவில், பாபி சார்ல்டனின் இரண்டு கோல்களும் பெஸ்ட் அடித்ததும் நினைவில் நிற்கின்றன. ஆனால் அன்றைய ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்பவர்கள், இடது விங்கில் ஜான் ஆஸ்டன் எதிரணியின் தற்காப்பைச் சளைக்காமல் ஓடவிட்டதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆஸ்டன் பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஓடியதற்குக் காரணம் டன். என் முதல் கேள்விக்கு அவர் முழு விடை தருகிறார். இரண்டாவது கேள்வியில்தான் பின்தங்குகிறார்: 535 ஆட்டங்களில் இரண்டே கோல்கள். அந்தக் காலத்து லெஃப்ட் பேக்கிடம் யாரும் கோல் கேட்கவில்லை என்பது உண்மையே.

யாரும் கேட்காததை அதற்கும் முன்பே செய்து காட்டியவர் ஒருவர் இருந்தார் என்பதால்தான் அந்தச் சமாதானம் செல்லுபடியாகவில்லை. ரோஜர் பைர்ன் 1951 நவம்பரில் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் முதன்முதலாக ஆடினார். அந்தப் பருவத்தின் கடைசி ஆறு ஆட்டங்களில் மேலாளர் மேட் பஸ்பி அவரை இடது விங்கராக நிறுத்தினார். அவர் ஏழு கோல்கள் அடித்தார். யுனைடெட் 1911க்குப் பிறகு முதன்முறையாக லீக் பட்டத்தை வென்றது. விங்கராகவே தொடரும்படி வைத்தபோது அவர் அதை விரும்பாமல் வேறு கிளப்புக்கு மாற்றல் கேட்கும் அளவுக்குப் போனார். பஸ்பி அவரைத் திரும்பவும் பின்களத்துக்கே அனுப்பினார். ஆறு ஆட்டத்தில் ஏழு கோல் அடித்தவர் பின்களமே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது ஏன் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பந்தும் எதிராளியும் தன் கண்முன்னே இருக்கும்போதுதான் அவருடைய மூளை முழுதாக வேலை செய்தது என்பதே எனக்குத் தோன்றும் காரணம்.

அவரைக் கூர்ந்து கவனித்தவர்கள், தலையால் பந்தை ஆடுவதில் அவர் தேர்ந்தவர் அல்லர் என்றும், டேக்கிளிலும் பெரிய பேர் எடுத்தவர் அல்லர் என்றும் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்கள். வேகத்தையும் முன்கணிப்பையும் வைத்து விங்கரைத் தான் விரும்பிய பக்கம் தள்ளிக்கொண்டு போவதே அவர் வழி. ஸ்டான்லி மேத்யூஸும் டாம் ஃபின்னியும் வலது விங்கில் ஆடிய லீக்கில் இந்த வழி எடுபட்டது என்பதற்கு ஒரு வலுவான சான்று இருக்கிறது. 1954 ஏப்ரலில் இங்கிலாந்து அணிக்கு அறிமுகமானதிலிருந்து தொடர்ச்சியாக 33 ஆட்டங்கள் ஆடினார். ஒரு முறைகூட நீக்கப்படவில்லை. இங்கிலாந்து அணியை ஒரு குழு கூடித் தேர்ந்தெடுத்த, ஆட்டத்துக்கு ஆட்டம் ஆட்களை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. யுனைடெட்டுக்கு 280 ஆட்டங்களில் 20 கோல்கள். அணித்தலைவராக 1956, 1957 லீக் பட்டங்கள், முதல் பட்டம் 11 புள்ளி வித்தியாசத்தில். மறைந்த வீரருக்குச் செலுத்தும் அஞ்சலியாக அவர் பெயரை முதலில் சொல்லிவிட்டு, உடனே இர்வினுக்கும் எவ்ராவுக்கும் தாவுகிறோம். அவர் அஞ்சலிக்காகப் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டியவர் அல்லர். போட்டியிட்டே இடம் பிடிக்கக் கூடியவர்.

அப்படிப் போட்டியில் இறக்கினால் ஒரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. பைர்னுக்கு முன்னால் விங்கில் டேவிட் பெக். பக்கத்தில் லெஃப்ட் ஹாஃபாக, அதாவது நடுக்களத்தின் இடப்புறத்தில், டங்கன் எட்வர்ட்ஸ். லெஃப்ட் பேக் முன்னேறிப் போனால் விடும் இடைவெளியை அடைக்க எட்வர்ட்ஸைப் போன்ற ஒருவர் இருக்கும்போது, யார் யாருக்குச் சுதந்திரம் கொடுத்தார் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. மூவரும் ஒரே விபத்தில் போனார்கள், எட்வர்ட்ஸ் மட்டும் 15 நாள் போராடிய பிறகு. ஒருவர் இல்லாமல் மற்றவர் எப்படி ஆடியிருப்பார் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் அதோடு போயிற்று. அப்போது பைர்னுக்கு வயது 28. ஆடாத ஆட்டங்களுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. அது இரக்கமற்ற விதியாகத் தோன்றலாம், ஆனால் அவரைப் போட்டியாளராக மதிப்பதென்றால் வேறு வழியில்லை.

எவ்ரா 2006 ஜனவரியில் மொனாக்கோவிலிருந்து வந்தார். முதல் ஆட்டமே மான்செஸ்டர் சிட்டியிடம் 3-1 தோல்வி. இடைவேளையோடு அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். அங்கிருந்து எழுந்து ஐந்து பிரீமியர் லீக் பட்டங்களையும் 2008 சாம்பியன்ஸ் லீக்கையும் வென்று, 379 ஆட்டங்கள் ஆடினார். என் முதல் கேள்வியை வைத்துப் பார்த்தால் இந்த வரிசையிலேயே மிகக் கடினமான வேலை அவருக்குத்தான் வாய்த்தது. 42 கோல் அடித்த 2007-08 பருவத்தின் ரொனால்டோ, இடப்புறம் ஆடும்போது தன் எல்லைக்குத் திரும்பி ஓடி வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மாஸ்கோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ரொனால்டோ இடப்புறம் நின்று, செல்சி அணியின் வலது பின்களத்தில் நின்ற எஸ்ஸியனை மிஞ்சி எழும்பித் தலையால் கோல் அடித்தார். பின்னால் 120 நிமிடமும் அந்த ஓரத்தைக் காத்தவர் எவ்ரா. முன்னேறிப் போய்த் தாக்கவும் வேண்டும், திரும்பி வந்து இருவரின் வேலையையும் செய்யவும் வேண்டும். அந்தப் பருவத்தில் லீக் முழுவதிலும் யுனைடெட் வாங்கிய கோல்கள் 22 மட்டுமே. 2007 முதல் 2011 வரை அவருக்கு இணையான லெஃப்ட் பேக் உலகில் ஓரிருவரே இருந்தார்கள் என்பேன்.

கடைசி இரண்டு மூன்று பருவங்கள் அவர் கணக்கைக் குறைக்கின்றன. முன்னேறும் ஆசை குறையவில்லை, திரும்பும் கால் மெலிந்துவிட்டது. பின் கம்பத்துக்கு வரும் கிராஸ்களில் எதிராளியைத் தவறவிடுவது வழக்கமாயிற்று. 2014 ஏப்ரலில் மியூனிக்கில் ஜெர்மன் கிளப்பான பயர்னுக்கு எதிராக அவர் அடித்த அந்த இடிபோன்ற கோலையும், ஒரு நிமிடத்துக்குள் பயர்ன் அதைச் சமன்செய்ததையும் சேர்த்தே நினைவுகூர வேண்டியிருக்கிறது.

இனி இர்வின். 1990 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் ஓல்டம் அணிக்காக யுனைடெட்டை எதிர்த்து ஆடியவரை, அந்தக் கோடையில் ஃபெர்குசன் 625,000 பவுண்டுக்கு வாங்கினார். 1991இல் ரோட்டர்டாமில் பார்சலோனாவை வென்ற கப் வின்னர்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் ஆடியது வலப்புறம். பிறகு பால் பார்க்கர் வந்ததால் இடப்புறம் மாறினார். அதாவது, வலக்காலால் ஆடும் ஒருவர், தனக்கு இயல்பில்லாத பக்கத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் நின்று, அது அவருடைய பக்கம் இல்லை என்பதையே நாம் மறக்கும்படி ஆடியிருக்கிறார். கிக்ஸ் வெளிப்புறமாக ஓடினால் இவர் உள்ளே நகர்ந்து வலக்காலால் பந்தை மாற்றுவார். கிக்ஸ் உள்ளே வெட்டினால் இவர் கோட்டோரம் ஓடி இடக்காலால் கிராஸ் தருவார். எதிரணியின் ரைட் பேக்குக்கு இரண்டு கதவுகளையும் ஒரே நேரத்தில் சாத்த முடிந்ததில்லை.

பத்துக்கு எட்டு என்ற புகழுரை அவருக்குச் செய்யும் தீங்கு இங்கேதான். அது அவரைத் தவறு செய்யாத, ஆனால் வியப்பூட்டாத ஒரு குமாஸ்தாவாக்கிவிடுகிறது. 529 ஆட்டங்களில் 33 கோல் அடித்தவர் குமாஸ்தா அல்லர். 1994 ஜனவரியில் ஆன்ஃபீல்டில் யுனைடெட்டின் மூன்றாவது கோல் அவருடைய ஃப்ரீ கிக். அந்த ஆட்டத்தை லிவர்பூல் 3-3 என்று முடித்ததால் அந்த உதை பேசப்படாமல் போயிற்று. கான்டோனா ஓய்வு பெற்றபின் பெனால்டிகளையும் இவர் எடுத்தார். 1999 மே மாதம் அதே ஆன்ஃபீல்டில் பெனால்டியில் கோல் அடித்தார். சற்று நேரத்தில், விசில் ஊதியபின் பந்தை உதைத்தார் என்று இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேற, எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டமும் கைநழுவியது. ஒழுங்கின் உருவமாக நாம் சித்தரிக்கும் மனிதருக்கு நேர்ந்த தண்டனை அது. இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

அதன்பின் பார்சலோனா நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கீனும் ஸ்கோல்ஸும் இல்லை. பெக்காம் நடுக்களத்துக்குப் போனார், கிக்ஸ் வலப்புறம் போனார், இடது விங்கில் ப்ளோம்க்விஸ்ட் நின்றார். நடுவரிசையே இடம் மாறி நின்ற அந்த இரவில், இடது பின்களம் மட்டும் வழக்கம்போல் இருந்தது. முன்னால் யார் நின்றாலும் தன் வேலையின் தரம் மாறாதவர் என்று இர்வினைச் சொல்ல முடியும். பைர்னைப் பற்றி அதைச் சொல்லும் அளவுக்குச் சான்றுகளைக் காலம் நமக்கு விட்டுவைக்கவில்லை, எவ்ராவின் இறுதிப் பருவங்கள் அதற்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன.

இதற்கு பைர்னை ஆதரிப்பவர்கள் தரும் மறுப்பு வலுவானது: இர்வின் தன் இடத்தை நேர்த்தியாக நிரப்பினார், பைர்ன் அந்த இடம் என்னவாக இருக்கலாம் என்பதையே மாற்றினார், அதிலும் அணித்தலைவராக இருந்துகொண்டு. இதை நான் ஏற்கிறேன். கிளப்புக்கு அதிகம் முக்கியமான லெஃப்ட் பேக் யார் என்று கேட்டால் பைர்ன் என்றுதான் சொல்வேன். ஆனால் நாளை ஓர் ஆட்டம், எதிரணியில் யார் வருவார் என்று தெரியாது, நம் விங்கர் எந்த மனநிலையில் இருப்பார் என்றும் தெரியாது என்றால், நான் எழுதும் பெயர் இர்வின். அடுத்து பைர்ன், பிறகு எவ்ரா, நான்காவது டன். இரண்டையும் மூன்றையும் இடம் மாற்ற யாராவது வாதிட்டால் பொறுமையாகக் கேட்பேன். டன்னைக் கீழே தள்ளி ஷாவை ஏற்றுபவரிடம் 1968 ஆட்டத்தின் பதிவைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.